பரோசா ஷிராஸ் பாட்டிலுக்கு நம்ம ஊர்ச் சாப்பாட்டில் எது ஜோடி?

வண்ணாரப்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அக்காவும் அத்தானும் அடிலெய்டில் இருந்து ஊருக்கு வாறாங்க. அத்தான் ரெண்டு பாட்டில் சிவப்பு வைன் எடுத்துட்டு வாறதாச் சொல்லி போட்டோ அனுப்பியிருக்காரு. பரோசா வேலி ஷிராஸ், ஆல்கஹால் 14.5 சதவீதம்னு போட்டிருக்கு. சிவப்பு வைனோட சீஸ், ஸ்டேக் சாப்பிடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், நம்ம வீட்டுல அதுக்கு வழியில்ல. அம்மா ஆட்டுக்கறியா, நாட்டுக்கோழியா, சீலா மீன் வறுவலான்னு இப்பவே கேக்க ஆரம்பிச்சாச்சு. வைனும் வீணாகக் கூடாது, அம்மா சமையலும் வீணாகக் கூடாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காரசாரம்_கடையம்:
இதுல யோசிக்க என்ன இருக்கு? மிளகாய் வத்தல் நல்லா அரைச்சு ஊத்தின கறிக்குழம்பு, பரோட்டா. வைன் கனமா இருந்தா காரமும் கனமா இருக்கணும். அப்பதான் ஒண்ணுக்கொண்ணு ஈடு கொடுக்கும்.

பொருநைக்கரையான்:
கடையம் தம்பி சொன்னதுல பாதி சரி. சப்புன்னு இருக்கிற சாப்பாடு இந்த வைன் முன்னாடி நிக்காது. ஆனா அந்த பலம் வத்தல்ல இருந்து வரக்கூடாது. அடிலெய்டில் ஒரு ரெஸ்டாரண்ட்ல வைன் பரிமாறுற வேலையில பல வருஷம் இருந்தவன்ங்கிறதால கொஞ்சம் விளக்கமாவே சொல்லுதேன்.

முதல்ல இந்த வைன் எப்படிப்பட்டதுன்னு பார்க்கணும். ஷிராஸ்ங்கிறது ஒரு திராட்சை வகை. பரோசா, அடிலெய்டுக்கு வடகிழக்கே இருக்கிற இடம். கோடையில நல்ல வெயில், மழை குறைவு. திராட்சை முழுசாப் பழுத்து சர்க்கரை ஏறும், அந்தச் சர்க்கரைதான் ஆல்கஹாலா மாறுது. அதனால 14, 14.5, சில பாட்டில்ல 15 கூட வரும். நிறம் கருஞ்சிவப்பு. வாசத்துல கருப்புப் பழங்கள், சாக்லேட். 1843ல நட்ட ஷிராஸ் கொடிகள் அங்க இன்னும் காய்க்குது. ஐரோப்பாவுல திராட்சைத் தோட்டங்களை அழிச்ச வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் வரல, அதனால பிழைச்ச கொடிகள் அவை. கிழக் கொடி கொஞ்சமாத்தான் காய்க்கும், காய்க்கிறது அடர்த்தியா இருக்கும்.

அடுத்து துவர்ப்பு. திராட்சையோட தோல்லயும் விதையிலயும் இருக்கிற டானின்தான் காரணம். நாவப்பழம் தின்ன பிறகு நாக்கு வறண்டு பிடிச்ச மாதிரி இருக்குமே, அதேதான். எச்சில்ல இருக்கிற புரதத்தை டானின் பிடிச்சுக்கிடும், எச்சிலோட வழவழப்பு போயிரும். கூடவே கொழுப்பும் புரதமும் உள்ள கறி வாயில இருந்தா டானின் அதுகளோடயும் சேரும், நாக்கு தப்பிச்சுரும். கறியும் சிவப்பு வைனும் ஜோடின்னு சொல்லுறதுக்கு அடிப்படை இதுதான்.

இப்ப வத்தல் விஷயம். மிளகாய் எரிச்சலை உணர்த்துற அதே நரம்பு முனையை ஆல்கஹாலும் தூண்டும். 14.5 சதவீத வைனை காரக்குழம்பு மேல குடிச்சா எரிச்சல் கூடும், குறையாது. டானினும் சேர்ந்து வாயை வறட்டும். பழ ருசி ஒண்ணும் தெரியாது, கசப்பும் சூடும்தான் மிஞ்சும்.

நல்லமிளகு கதை வேற. மிளகும் எரிக்கும், ஆனா அதோட வாசத்துக்குக் காரணமான ரொட்டண்டோன்ங்கிற பொருள் ஷிராஸ் திராட்சைத் தோல்லயும் இருக்கு. 2008ல ஆஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இதைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. மிளகுல இருக்கிறதும் ஷிராஸ்ல இருக்கிறதும் ஒரே பொருள். சிவப்பு வைன்ல லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிய ஆரம்பிக்கும். அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசம் கொஞ்சமும் தெரியாதுங்கிறதும் அதே ஆய்வுல வந்தது. அதனால உங்க அத்தான் "மிளகு வாசம் வருது பாரு"ன்னு சொல்லி உங்களுக்கு வரலைன்னா சண்டை போடாதீங்க.

இன்னொரு சமாச்சாரம் தேங்காய். பரோசாக்காரங்க பலரும் ஷிராஸை அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில வைக்கிற பழக்கம் உள்ளவங்க. ஓக் மரத்துல இருந்து வைனுக்குள்ள இறங்குற லாக்டோன்ங்கிற பொருளுக்கு அப்படியே தேங்காய் வாசம். அமெரிக்க ஓக்ல அது பிரெஞ்சு ஓக்கை விட அதிகம்.

மிளகும் வறுத்த தேங்காயும் சேர்த்து ஆட்டுக்கறி வைக்கிற ஊர் நம்ம ஊரு. இந்த பாட்டிலுக்கு வெளியூர்ச் சமையலைத் தேடிப் போக வேண்டாம்.

காரசாரம்_கடையம்:
அண்ணாச்சி, மரியாதையோடவே கேக்கேன். காரத்தோட சிவப்பு வைன் நான் குடிச்சிருக்கேன், பிடிச்சுத்தான் இருந்தது. எரிச்சல் எல்லாருக்கும் கெட்டதா என்ன? நம்ம ஆளுங்க எரிச்சலுக்காகவே சாப்பிடுதவங்க.

பொருநைக்கரையான்:
எரிச்சல் பிடிக்கிறவங்களுக்கு எரிச்சல் கூடினா சந்தோஷம்தான், அதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்தச் சந்தோஷத்துக்கு பரோசா ஷிராஸ் எதுக்கு? எரிச்சலுக்கு மேல அதுல இருக்கிற பழமும் மரமும் மிளகும் தெரியாமப் போயிரும். வத்தல் போட்டே ஆகணும்னா கொஞ்சம் இனிப்பு உள்ள, ஆல்கஹால் குறைஞ்ச, நல்லாக் குளுந்த வெள்ளை வைன் சரியா இருக்கும்.

புளியையும் இதோட சொல்லிருதேன். சாப்பாட்டுல புளிப்பு அதிகமா இருந்தா வைன்லயும் அந்த அளவு புளிப்பு வேணும், இல்லைன்னா வைன் சவசவன்னு ஆயிரும். வெயில் நாட்டு ஷிராஸ்ல புளிப்பு குறைவு. அதனால புளிக்குழம்பு, தக்காளி அள்ளிப் போட்ட தொக்கு ரெண்டும் அன்னைக்கு வேண்டாம்.

தென்காசி_சாரல்:
தம்பி, அண்ணாச்சி சொன்ன கணக்குக்கு எங்க வீட்டு மிளகுக்கறி அப்படியே பொருந்தும். அம்மாகிட்ட காட்டுங்க.

தொடைக்கறி மட்டும் வாங்காதீங்க, பாதி மார்க்கண்டம் கேட்டு வாங்குங்க. கொழுப்பு இருந்தாத்தான் அண்ணாச்சி சொன்ன வேலை நடக்கும். கறியை மஞ்சள், உப்பு, கொஞ்சம் இஞ்சி பூண்டு போட்டு முக்கால்வாசி வேக வச்சுக்கிடுங்க. தேங்காய்த் துருவலை எண்ணெய் விடாம வறுக்கணும். இங்கதான் கண்ணு வேணும்: ஓரம் சிவந்து, வாசம் அடுப்படியை விட்டு வெளிய வரும்போதே இறக்கிரணும். காப்பிப்பொடி நிறம் வர வரைக்கும் விட்டா கசந்துரும், துவர்ப்புள்ள வைனோட அந்தக் கசப்பு ரெட்டிப்பாத் தெரியும்னு நினைக்கேன். அண்ணாச்சி சரியான்னு சொல்லணும். நல்லமிளகு, சீரகம், சோம்பு மூணையும் தனியா வறுத்து, மிளகை மட்டும் ஒண்ணுரெண்டா இடிச்சு வைங்க. மத்ததைத் தேங்காயோட சேர்த்து அம்மியிலயோ மிக்சியிலயோ கெட்டியா அரைங்க.

நல்லெண்ணெயில சின்ன உள்ளி நிறைய, கறிவேப்பிலை, அதுல அரைச்சது, அப்புறம் கறி. தக்காளி கிடையாது, வத்தல் பேருக்கு ஒண்ணு கிள்ளிப் போட்டாப் போதும். எண்ணெய் பிரியுற வரைக்கும் சுண்ட வச்சு, இடிச்ச மிளகைக் கடைசியில தூவி மூடிருங்க. முதல்லயே போட்டா வாசம் போயி எரிப்பு மட்டும்தான் நிக்கும்.

பொருநைக்கரையான்:
ரொம்பச் சரி அக்கா, கசப்பும் துவர்ப்பும் ஒண்ணை ஒண்ணு ஏத்திவிடும். கடைசியில தூவுற மிளகுதான் இதுல உயிர். கெட்டியா சுண்டவும் விடணும். தண்ணியா இருக்கிற குழம்புல கனமான வைன் கனத்துத் தெரியும். இதுக்கு ஆப்பமோ இடியாப்பமோ வைக்கலாம், வெறும் சோறும் போதும்.

மணப்பாடு_அலை:
கடல்கரைக்காரங்களை எல்லாரும் மறந்துட்டீங்களே. சீலா மீனை மிளகு தடவி தோசைக்கல்லுல வறுத்தா ஏன் சேராது? மீனுக்கு வெள்ளை வைன், கறிக்கு சிவப்புங்கிறது வெள்ளைக்காரன் போட்ட சட்டம். நாம ஏன் பிடிச்சுத் தொங்கணும்?

பொருநைக்கரையான்:
சட்டமா இருந்தா மீறலாம் அலை. இதுக்குப் பின்னால ஒரு காரணம் இருக்கு. 2009ல ஜப்பான்ல ஒரு வைன் கம்பெனியோட ஆராய்ச்சியாளர்கள் நிறைய வைன்களைக் கடல் உணவோட ருசி பார்த்துச் சோதிச்சாங்க. வைன்ல கரைஞ்சிருக்கிற இரும்பு கூடக்கூட, குடிச்ச பிறகு வாயில நிக்கிற மீன்வாடை கூடுச்சு. மீன்ல இருக்கிற கொழுப்போட இரும்பு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்பி விடுது. இரும்பு குறைவான சிவப்பு வைன்ல வாடை வராமலும் போகலாம், ஆனா லேபிள்ல இரும்பு அளவு போட மாட்டாங்க. சீலாவும் சூரையும் எண்ணெய் உள்ள மீன். நல்ல மீனையும் நல்ல வைனையும் ஒருசேரப் பணயம் வைக்க எனக்கு மனசு வரல.

மணப்பாடு_அலை:
சரி, காரணம் இருக்குன்னு ஒத்துக்கிடுதேன். ஆனா சுட்ட கணவாய்ல கொழுப்பு கம்மி. அதை மிளகு போட்டு நான் ஒருநாள் பார்க்கத்தான் போறேன்.

பொருநைக்கரையான்:
பாருங்க, பார்த்துட்டு இங்க எழுதுங்க. மீனை விட கணவாய்க்கு வாய்ப்பு அதிகம்.

டவுன்_சைவம்:
நாங்க சைவம். வீட்டுல மதினி மட்டும் எப்பவாவது ஒரு கிளாஸ் சிவப்பு வைன் குடிப்பாங்க. எங்க வீட்டுல விருந்துன்னாலே சொதிதான். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுக்கு வைக்கிற அதே சொதி, கூட இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். இதுக்கு இந்த வைன் எப்படி?

பொருநைக்கரையான்:
சொதிக்கு வேண்டவே வேண்டாம். தேங்காய்ப் பால், பாசிப்பருப்பு, கடைசியில பிழியுற எலுமிச்சை, எல்லாமே மெல்லிசு. ஷிராஸ் அது மேல ஏறி மிதிச்சுரும். இஞ்சிப் பச்சடியில புளியும் வெல்லமும் இருக்கும், அதோட குடிச்சா வைன் கசக்கும். சொதியைச் சொதியாச் சாப்பிடுறதுதான் அதுக்கு மரியாதை.

சைவத்துல இந்த வைனுக்கு நான் தேர்ந்தெடுக்கிறது உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். கருப்பு உளுந்தோட மண்வாசம், எள்ளுல இருக்கிற எண்ணெய், வறுத்த தேங்காய், பூண்டு. துவையல்ல வத்தலைக் குறைச்சு மிளகு சேர்த்து அரைச்சாப் போதும். கறி இல்லாம டானினுக்கு ஈடு கொடுக்கிற சாப்பாடு நம்ம பக்கத்துல இருக்குன்னா இதுதான்.

தென்காசி_சாரல்:
சேனைக்கிழங்கை மிளகு போட்டு மொறுமொறுன்னு வறுத்தும் பக்கத்துல வைக்கலாம். எள்ளுத் துவையலுக்கு எள்ளு வெடிச்சு அடங்கினதும் இறக்கிருங்க. அதுவும் கருகினா கசப்புதான்.

மாஞ்சோலை_மேகம்:
குறுக்க ஒரு கேள்வி. ஒரு தடவை நண்பன் வீட்டுல ஆஸ்திரேலியச் சிவப்பு வைன் குடிச்சப்போ தைல மரத்து வாசம் அடிச்சுது. கெட்டுப்போனதுன்னு நினைச்சு நான் கிளாஸை வச்சுட்டேன். நிஜமாவே கெட்டதா?

பொருநைக்கரையான்:
கெட்டதில்ல. தோட்டத்துப் பக்கத்துல தைல மரம் இருந்தா அதுல உள்ள எண்ணெய் காத்துல வந்து திராட்சைத் தோல்ல ஒட்டிக்கிடும். அறுவடை பண்ணும்போது இலையும் உள்ள விழும். சிவப்பு வைனைத் தோலோட ஊற வைக்கிறதால வாசமும் இறங்கிருது. சிலருக்கு அது ரொம்பப் பிடிக்கும். அந்த மாதிரி பாட்டில் கிடைச்சா கொத்தமல்லித் தழை, புதினா சேர்த்து அரைச்ச கறி நல்லா இருக்கும்.

நீங்க மலைக்காரர்ங்கிறதால இதையும் சொல்லுதேன். குளுந்த இடத்து ஷிராஸ்லதான் மிளகு வாசம் தூக்கலா இருக்கும். விக்டோரியாவுல கிராம்பியன்ஸ், பிரான்ஸ்ல வடக்கு ரோன் பள்ளத்தாக்கு அப்படி. பரோசா மாதிரி வெயில் இடத்துல மிளகு பின்னால போயிப் பழம் முன்னால வரும். அதனாலதான் சாரல் அக்கா கறியில மிளகைக் கூட்டுறது பரோசாவுக்குப் பொருத்தம், வைன்ல குறையுறதைக் கறி கொடுத்துரும்.

பாளை_நர்ஸ்:
பேச்சு சுவாரசியமாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணைச் சொல்லாமப் போக மனசு இல்ல. ஆல்கஹால்ல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல தெளிவாச் சொல்லிட்டுது. வீட்டுப் பெரியவங்க சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுதவங்களா இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம ஊத்தாதீங்க. "சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது"ன்னு சொல்லி யாரையும் குடிக்க வைக்கவும் வேண்டாம். குடிச்சவங்க அன்னைக்கு வண்டியைத் தொடக்கூடாது.

பொருநைக்கரையான்:
நூத்துக்கு நூறு உண்மை. ஒரு பாட்டில் 750 மில்லி, 150 மில்லியா ஊத்தினா அஞ்சு கிளாஸ். ஒருத்தருக்கு ஒரு கிளாஸ், அதுவும் சாப்பாட்டோட மட்டும். இந்த வைனை வெறும் வயித்துல குடிக்கிறதுல ருசியும் கிடையாது.

வண்ணாரப்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் நன்றி. அம்மா மிளகுக்கறின்னு முடிவு பண்ணியாச்சு. இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, சிவப்பு வைனை பிரிட்ஜ்ல வைக்கக்கூடாதுன்னு சித்தப்பா சொல்லுதாரு. ரெண்டு, எங்க வீட்டுல வைன் கிளாஸ் கிடையாது, சில்வர் தம்ளர்தான். மூணு, கடைசியில அல்வா வாங்கி வைக்கணும்னு அக்காவுக்கு ஆசை.

பொருநைக்கரையான்:
சித்தப்பா சொல்லுறது ஐரோப்பாக் குளிர்ல இருக்கிற வீட்டுக்குச் சரி. சிவப்பு வைனை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்லும்போது அவங்க நினைக்கிறது 16ல இருந்து 18 டிகிரி. நம்ம வீட்டுக்குள்ள ராத்திரிலயே 30 இருக்கு. அந்தச் சூட்டுல ஊத்தினா முதல்ல மூக்குல ஏறுறது ஆல்கஹால்தான், பழ வாசம் அதுக்குப் பின்னாடி மறைஞ்சுரும். குடிக்கிறதுக்கு அரை மணி முக்கால் மணி முன்னாடி பிரிட்ஜ்ல வச்சு எடுங்க. ரொம்பக் குளுந்துட்டாலும் துவர்ப்பு தூக்கும், அப்ப கிளாஸைக் கைக்குள்ள கொஞ்சம் வச்சிருந்தாச் சரியாயிரும். அத்தான் கொண்டு வந்த நாள்ல இருந்து குடிக்கிற நாள் வரைக்கும் பாட்டிலை அடுப்படிப் பரண்ல வச்சிராதீங்க. வீட்டுல குளுமையான, இருட்டான மூலை எதுவோ அங்க வைங்க. கார் டிக்கியில வச்சுக் குற்றாலம் வரைக்கும் கொண்டு போறதும் வேண்டாம்.

சில்வர் தம்ளர்ல விஷம் ஒண்ணும் ஆகாது, ஆனா வாய் அகலமா இருக்கிறதால வாசம் நிக்காமப் போயிரும், நிறமும் பார்க்க முடியாது. வீட்டுல கண்ணாடி டம்ளர் இருக்கும்லா, வாய் கொஞ்சம் குறுகினதா எடுத்து மூணுல ஒரு பங்கு மட்டும் ஊத்துங்க, சுத்தி விட இடம் வேணும். அரை மணி முன்னாடியே ஒரு கண்ணாடி ஜக்ல ஊத்தி வச்சா இளசான ஷிராஸோட வாசம் கொஞ்சம் திறந்து வரும். பார்க்க நல்லா இருக்குன்னு பித்தளைச் சொம்புலயோ செம்புக் குடத்துலயோ மட்டும் ஊத்திராதீங்க, வைன்ல அமிலம் இருக்கு, உலோகம் கரையும்.

அல்வா விஷயத்துல அக்கா மனசு நோகாமச் சொல்லுங்க: வைன் முடிஞ்ச பிறகு, தண்ணி குடிச்சுட்டு, தனியா. சாப்பிடுற பண்டம் வைனை விட இனிப்பா இருந்தா வைன் புளிச்சுக் கசக்கும். பரோசா ஷிராஸ் பழ வாசத்தால இனிப்பு மாதிரித் தோணும், ஆனா சர்க்கரை ஏறக்குறைய கிடையாது. சம்பா கோதுமைப் பாலும் நெய்யும் சீனியும் சேர்ந்த நம்ம அல்வா முன்னாடி அது காலியாயிரும். அல்வாவோட வைன் வேணும்னா போர்ட் மாதிரி இனிப்பு வைன்தான் நிக்கும்.

காரசாரம்_கடையம்:
மிளகுதான்னு முடிவாகிட்டதால ஒண்ணு கேக்கேன். புளியரைப் பக்கம் பார்டர் கடைகள்ல போடுற நாட்டுக்கோழி மிளகு வறுவல் சேருமா?

பொருநைக்கரையான்:
சேரும், ஆட்டுக்கறி அளவுக்கு இல்ல. நாட்டுக்கோழியில கொழுப்பு கம்மி. எண்ணெயில மொறுமொறுன்னு சிவந்து வந்த துண்டுகளா எடுத்துக்கிடுங்க. பரோட்டாவுக்கு ஊத்துற சால்னாவை அன்னைக்கு ஒதுக்கிருங்க, அதுல வத்தலும் தக்காளியும் ஜாஸ்தி.

மணப்பாடு_அலை:
ஆஸ்திரேலியாவுல சொந்தம் இல்லாதவங்க என்ன செய்ய?

பொருநைக்கரையான்:
நாசிக்ல விளையுற ஷிராஸ் இருக்கு, சுலாங்கிற வைன் கம்பெனியோட திண்டோரி ரிசர்வ் அந்த வகை. பெங்களூர்ப் பக்கம் நந்தி மலையில இருந்து குரோவர் லா ரிசர்வ் வருது, அது கேபர்நெட்டும் ஷிராஸும் கலந்தது. பரோசா அளவுக்குக் கனம் இருக்காது, ஆனா மிளகுக்கறிக்குத் தாராளமாப் போதும். எலைட் கடையில கேட்டுப் பாருங்க, வெயில் படுற ஷெல்ஃப்ல நிக்கிற பாட்டிலை எடுக்காதீங்க.

தென்காசி_சாரல்:
அண்ணாச்சி, உப்புக்கண்டத்தை யாருமே சொல்லலியே. அம்மா காய வச்சு அனுப்பினது பானையில இருக்கு.

பொருநைக்கரையான்:
அக்கா, அது ஞாபகம் வராமப் போனது எனக்கே வருத்தம். உப்பு துவர்ப்பையும் கசப்பையும் அடக்கும், காய்ஞ்ச கறியில புரதம் செறிஞ்சு இருக்கும், கொழுப்பும் உண்டு. இந்த வைனுக்கு முதல் தட்டுல வைக்க அதை விடச் சரியானது கிடையாது. உப்பு மட்டும் கண்ணு வைக்கணும்.

தென்காசி_சாரல்:
வெந்நீர்ல கால் மணி நேரம் போட்டு எடுத்தா உப்பு இறங்கிரும். அம்மியில வச்சு ஒரு தட்டுத் தட்டினா நார் பிரியும். நல்லெண்ணெயில சின்னத் தீயில பொரிச்சு, எடுக்கும்போது கறிவேப்பிலையும் இடிச்ச மிளகும் போடணும். வண்ணாரப்பேட்டைத் தம்பி, வீட்டுல இல்லைன்னா இப்பவே கறி வாங்கிக் காயப் போடச் சொல்லுங்க. நல்ல வெயிலா இருந்தா அக்கா வாறதுக்குள்ள தயாராயிரும்.